குணமாகாத புற்றுநோயில் கல்லீரல் வழியாகக் குழாய் வைப்பதும் நரம்புக்கு ஊசி போடுவதும் தேவையா?

கேள்வி
எழுதியவர்: கணையப் புற்றுநோயாளி ஒருவரின் மகள்

அனைவருக்கும் வணக்கம். என் தந்தைக்கு வயது 68. கணையத்தின் தலைப்பகுதியில் தோன்றிய புற்றுநோய் கல்லீரலுக்கும் பரவியிருப்பதை ஏழு மாதங்களுக்கு முன் கண்டறிந்தார்கள். அறுவைச் சிகிச்சைக்கு வழியில்லை என்று அப்போதே சொல்லிவிட்டார்கள். நான்கு மாதம் கீமோதெரபி நடந்தது. உடல் தாங்காததால் அதையும் நிறுத்திவிட்டார்கள். இனி செய்யும் எந்தச் சிகிச்சையும் துன்பத்தைக் குறைப்பதற்காகத்தான் என்பதை வீட்டில் எல்லோரும் அறிவோம், அப்பாவும் அறிவார்.

இப்போது இரண்டு துன்பங்கள் அவரை வாட்டுகின்றன. ஒன்று, மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்கு ஊடுருவும் வலி. மார்பின் (morphine) என்னும் வலிநிவாரணி மாத்திரையின் அளவைப் படிப்படியாகக் கூட்டியும் வலி அடங்கவில்லை. பகல் முழுவதும் உறக்கமும் மலச்சிக்கலும் நினைவுத் தடுமாற்றமும்தான் கூடின. மற்றொன்று மஞ்சள் காமாலை. தொடக்கத்தில் எண்டோஸ்கோப்பி மூலம் பித்தநாளத்தில் வைத்த பிளாஸ்டிக் ஸ்டென்ட் (அடைப்பைத் திறந்து வைக்கும் சிறு குழல்) அடைபட்டுவிட்டது. கட்டி முன்சிறுகுடலை நெருக்கியிருப்பதால் நீராகாரம் மட்டும் இறங்குகிறது. எண்டோஸ்கோப்பிக் குழாயை மறுபடி உள்ளே செலுத்த முடியவில்லை. ரத்தத்தில் காமாலையின் அளவைக் காட்டும் பிலிரூபின் 17-ஐத் தாண்டிவிட்டது. காமாலையைவிட அதனால் உண்டாகும் அரிப்புதான் அவரைத் தூங்கவிடாமல் செய்கிறது. நகம் பட்ட இடமெல்லாம் புண்ணாகிவிட்டது.

எங்களை இன்டர்வென்ஷனல் ரேடியாலஜி (இடையீட்டுக் கதிரியல்) துறைக்கு அனுப்பினார்கள். விலா எலும்புகளுக்கு இடையே ஊசி செலுத்தி, கல்லீரலின் வழியாகப் பித்தநாளத்துக்குள் குழாய் வைக்கலாம் என்றும், வலிக்கு முதுகின் வழியாக ஒரு நரம்புப் பின்னலில் ஆல்கஹால் செலுத்தலாம் என்றும் அங்கே கூறினார்கள். பத்து நிமிடத்தில் விளக்கி முடித்து ஒப்புதல் படிவத்தைக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

அண்ணன் உடனே செய்துவிட வேண்டும் என்கிறார். அம்மா, போதும், இனி உடம்பில் ஓட்டை போட வேண்டாம் என்கிறார். அப்பாவோ திங்கட்கிழமை, "இனிமேல் என்னைக் குத்தாதீர்கள்" என்றார். மறுநாள் இரவு அரிப்புத் தாங்காமல், "என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள்" என்றார். இரண்டில் எதை அவருடைய முடிவாக எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இந்தச் சிகிச்சைகள் உண்மையில் என்ன தரும், எதைத் தராது, எவ்வளவு தொல்லை கொடுக்கும் என்பதை அனுபவமுள்ளவர்கள் மறைக்காமல் எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


மறுமொழி 1
எழுதியவர்: இடையீட்டுக் கதிரியல் மருத்துவர்

அம்மா, உங்கள் தந்தையின் ஸ்கேன் படங்களையும் ரத்தப் பரிசோதனைகளையும் பார்க்காமல் செய்யுங்கள் என்றோ செய்யாதீர்கள் என்றோ நான் சொல்வது முறையாகாது. ஆனால் பத்து நிமிடத்தில் உங்களுக்குச் சொல்லப்படாமல் போனவற்றைச் சொல்ல முடியும்.

எங்கள் துறை எக்ஸ்ரே, அல்ட்ராசவுண்ட், சி.டி. ஆகியவற்றின் படத்தைப் பார்த்துக்கொண்டே, தோலில் சில மில்லிமீட்டர் அளவே உள்ள துளையின் வழியாக ஊசியையும் கம்பியையும் குழாயையும் உடலுக்குள் செலுத்திச் செய்யும் சிகிச்சை முறை. இதில் ஒரு வரலாற்றுச் செய்தி உங்கள் தந்தையின் சொல்லோடு தொடர்புடையது என்பதால் குறிப்பிடுகிறேன். இத்துறையின் தொடக்கமாகக் கருதப்படும் சிகிச்சையை 1964 ஜனவரி 16 அன்று அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் சார்லஸ் டாட்டர் என்னும் கதிரியல் மருத்துவர் செய்தார். நோயாளி 82 வயது மூதாட்டி. பாதம் அழுகத் தொடங்கியிருந்த நிலையில், காலை எடுப்பதற்கு அவர் இசையவில்லை. ஆகவே டாட்டர் அடைபட்ட ரத்தக்குழாயைக் கம்பியும் குழாயும் கொண்டு விரித்துப் பார்த்தார். மூதாட்டி தம் கால்களிலேயே நடந்து, சில ஆண்டுகள் கழித்து வேறு காரணத்தால் இறந்தார். நோயாளி ஒருவர் "வேண்டாம்" என்று சொன்ன இடத்தில் பிறந்த துறை இது; அந்தச் சொல்லை நாங்களே காதில் வாங்காமல் போவதுதான் வேடிக்கை.

முதலில் காமாலை. அல்ட்ராசவுண்டின் துணையோடு மெல்லிய ஊசியைக் கல்லீரலுக்குள் விரிந்திருக்கும் ஒரு பித்தக்குழாயில் செலுத்தி, சாயம் விட்டு எக்ஸ்ரேயில் பார்த்து, கம்பியின் மேல் குழாயை ஏற்றுகிறோம். குழாயின் பருமன் ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர். கம்பி அடைப்பைத் தாண்டிச் சிறுகுடலுக்குள் சென்றுவிட்டால் பித்தநீர் உள்ளேயும் வடியும், தேவைப்பட்டால் வெளியே பையிலும் வடியும். தாண்டாவிட்டால் முழுவதும் வெளியேதான் வடியும். அப்போது நாளொன்றுக்கு அரை லிட்டருக்கும் மேல் உப்பும் நீரும் உடலிலிருந்து போகக்கூடும் என்பதால் நோயாளி சோர்ந்துவிடுவார். ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, குழாய் வைக்க முடியுமா என்பதைவிட, அந்தக் குழாயை எடுத்துவிட்டு உள்ளேயே ஓர் உலோக ஸ்டென்ட்டை விட்டுவர முடியுமா என்பதுதான். உலோக ஸ்டென்ட் விரிந்தால் எட்டு முதல் பத்து மில்லிமீட்டர் வரை அகலம் கொள்ளும்; பிளாஸ்டிக் ஸ்டென்ட்டைப்போல விரைவில் அடைபடாது. சிலருக்கு அதே அமர்விலும், சிலருக்குச் சில நாட்கள் கழித்தும் அதை வைக்கிறோம். பக்கவாட்டில் பை தொங்கும் வாழ்க்கைக்கும் பை இல்லாத வாழ்க்கைக்கும் உள்ள வேறுபாட்டை நான் விளக்க வேண்டியதில்லை.

கணையத்தின் தலைப்பகுதியில் உள்ள அடைப்பில் ஒரு சாதகம் உண்டு. அடைப்பு பித்தநாளத்தின் கீழ்ப்பகுதியில் இருப்பதால் கல்லீரலின் இரு பக்கக் குழாய்களும் ஒன்றோடொன்று தொடர்பில் இருக்கும். ஒரே குழாய் பெரும்பாலும் போதும். கல்லீரலின் வாயிலிலேயே அடைப்பு உள்ளவர்களுக்கு இரண்டு, மூன்று குழாய்கள்கூடத் தேவைப்படும். ஆனால் கல்லீரலின் பெரும்பகுதியைக் கட்டிகளே நிரப்பிவிட்டிருந்தால், அந்தக் காமாலை அடைப்பினால் மட்டும் வந்தது ஆகாது. அங்கே குழாய் வைத்தாலும் பிலிரூபின் குறையாது. உங்கள் தந்தையின் படத்தில் பித்தக்குழாய்கள் விரிந்திருக்கின்றனவா, கல்லீரலில் எவ்வளவு பகுதி நல்ல நிலையில் இருக்கிறது என்று கேளுங்கள். இதற்குச் சரியான விடை கிடைக்காமல் படிவத்தில் கையெழுத்திட வேண்டாம் என்பது என் தனிப்பட்ட கருத்து.

அரிப்பு பெரும்பாலும் சில நாட்களிலேயே குறையத் தொடங்கும். பிலிரூபின் இறங்க வாரங்கள் ஆகும். கண்ணின் மஞ்சள் மறையவில்லையே என்று அதற்குள் கலங்க வேண்டாம். ஆபத்துகளில் முக்கியமானவை இரண்டு: ரத்தக்கசிவும், பித்தநாளத் தொற்று ரத்தத்தில் கலப்பதும். ஒவ்வொன்றும் கடுமையான அளவில் நூற்றில் இரண்டு மூன்று பேருக்கு நேர்கிறது. பித்தநீர் குடலை அடையாதபோது வைட்டமின் கே உடலில் சேராது. அதனால் காமாலை உள்ளவர்களுக்கு ரத்தம் உறைவது தாமதமாகும். சிகிச்சைக்கு முன் வைட்டமின் கே ஊசி போடுவார்கள். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் 50,000-க்கு மேல் இருப்பதையும் பார்ப்பார்கள்.

அடுத்து வலி. இரைப்பைக்குப் பின்னால், பெருந்தமனியின் முன்புறத்தைச் சூழ்ந்து, பன்னிரண்டாவது மார்பு முள்ளெலும்பும் முதல் இடுப்பு முள்ளெலும்பும் அமைந்துள்ள மட்டத்தில் சீலியாக் நரம்புப் பின்னல் இருக்கிறது. கணையத்தின் வலிச்செய்தி அதன் வழியாகத்தான் மூளைக்குப் போகிறது. அதை மரக்கச் செய்யும் முறையை ஜெர்மானிய அறுவை மருத்துவர் மாக்ஸ் காப்பிஸ் 1914-லேயே விவரித்திருக்கிறார், இன்று சி.டி. படத்தின் துணையால் அது பாதுகாப்பாகியிருக்கிறது. முதலில் மரப்பு மருந்தைச் செலுத்தி, பிறகு ஆல்கஹாலைச் செலுத்தி அந்த நரம்புகளைச் செயலிழக்கச் செய்கிறோம். பத்தில் ஏழு பேருக்கு மேல் குறிப்பிடத்தக்க அளவு வலி குறைகிறது. பயன் பொதுவாக மூன்று முதல் ஆறு மாதம் நீடிக்கும். வலி முழுவதும் மறையும், மார்பினே தேவைப்படாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மருந்தின் அளவு குறையும், அதனால் மயக்கமும் குறையும் என்பதே நேர்மையான வாக்கு. வயிற்றுச் சுவருக்கோ எலும்புக்கோ நோய் பரவியதால் வரும் வலிக்கு இது உதவாது.

ஊசி போட்ட பிறகு பத்தில் நான்கு பேர் வரை சில நாட்களுக்கு வயிற்றுப்போக்கும், எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் இறங்குதலும் காண்பார்கள். மார்பினால் மலச்சிக்கலில் தவிப்பவர்கள் முதலாவதைக் குறையாகச் சொல்வதில்லை. ஆயிரத்தில் ஒன்றிரண்டு பேருக்குத் தண்டுவடத்துக்குச் செல்லும் ரத்தக்குழாய் பாதிக்கப்பட்டுக் கால்கள் செயலிழக்க நேர்ந்திருக்கிறது. அரிதே ஆயினும் ஒப்புதல் கேட்கும்போது சொல்லியே தீர வேண்டிய செய்தி அது.

ஒரு வருத்தத்தையும் பதிவு செய்கிறேன். இந்த ஊசியை எல்லா மருந்தும் தோற்ற பின்பு, கடைசிக் கதவாகத்தான் பலரும் தட்டுகிறார்கள். 2011-ல் வெளியான ஓர் ஆய்வில், அறுவைக்கு இயலாத கணையப் புற்றுநோயைக் கண்டறிந்த வேளையிலேயே எண்டோஸ்கோப்பி அல்ட்ராசவுண்டின் வழியாக இதைச் செய்துகொண்டவர்களுக்கு, மூன்று மாதம் கழித்து வலி மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. கட்டி வளர்ந்து அந்தப் பின்னலையே மூடிக்கொண்ட பிறகு ஆல்கஹால் பரவ இடம் இருப்பதில்லை. ஏழு மாதங்களுக்கு முன் யாரும் இதை உங்களிடம் சொல்லாதது உங்கள் குற்றம் இல்லை.


மறுமொழி 2
எழுதியவர்: தாயைக் கவனித்துக்கொண்ட மகன்

சகோதரி, என் தாயாருக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய். நோய் முற்றி இரு சிறுநீர்க்குழாய்களையும் நெருக்கியதால் சிறுநீரகங்கள் செயலிழந்தன. சிறுநீரகப் பாதிப்பைக் காட்டும் கிரியாட்டினின் 9-க்கு ஏறியது. குமட்டலும் அரைத்தூக்கமுமாகக் கிடந்தார். முதுகின் இரு பக்கமும் மரப்பு ஊசி போட்டுச் சிறுநீரகத்துக்குள் நேரடியாகக் குழாய் வைத்தார்கள். நான்கைந்து நாளில் கண் விழித்து, வாசலில் யார் நிற்கிறார்கள் என்று கேட்டார். அந்த நாளை நான் மறக்க மாட்டேன்.

ஆனால் நீங்கள் மறைக்காமல் எழுதச் சொன்னதால் எஞ்சியதையும் எழுதுகிறேன். அதன்பின் அம்மா ஐந்து மாதம் இருந்தார். முதல் மூன்று மாதம் நல்ல மாதங்கள். பல ஆண்டுகளாகப் பேச்சில்லாமல் இருந்த தம்பியோடு மனம்விட்டுப் பேசினார். கடைசி இரண்டு மாதம் இடுப்பெலும்பில் பரவிய நோயின் வலி வேறெதையும் நினைக்கவிடவில்லை. இடையில் இருமுறை குழாய் நழுவியது, ஒருமுறை நள்ளிரவில். மூன்று முறை சிறுநீர்த் தொற்று வந்தது. மூன்று மாதம் ஆனதும் இரு குழாய்களையும் மாற்ற மறுபடி படுக்கவைத்தார்கள். இரண்டு பைகளோடு ஒருவர் எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பது என்று நாங்கள் யாரும் முன்கூட்டி எண்ணிப் பார்க்கவில்லை.

சிறுநீரகம் நின்றுபோய் வரும் மரணம் பெரும்பாலும் உறக்கத்தோடு, மெல்ல வருவது என்பதை எங்களுக்குப் பின்னால்தான் ஒரு மருத்துவர் சொன்னார். குழாய் வைக்காமல் இருப்பதும் தேர்ந்தெடுக்கக்கூடிய ஒரு வழியே என்று அன்று யாரும் எங்களிடம் சொல்லவில்லை. வைக்காவிட்டால் கொலைக்குச் சமம் என்பதுபோல்தான் பேசினார்கள். சொல்லியிருந்தால் அம்மாவைக் கேட்டிருப்போம். அவர் ஒருவேளை அந்த மூன்று மாதங்களுக்காகச் சரி என்றே சொல்லியிருக்கலாம். கேட்கவில்லை என்பதுதான் என் குறை. உங்கள் தந்தை இன்னும் தெளிவாக இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.


மறுமொழி 3
எழுதியவர்: விலாவில் குழாயோடு வாழ்பவள்

எல்லோரும் நோயாளியைப் பற்றிப் பேசுகிறீர்கள். நோயாளியாகிய நானும் இரண்டு வரி எழுதுகிறேன். எனக்கு மார்பகப் புற்றுநோய். நுரையீரலைச் சுற்றி நீர் சேர்ந்துகொண்டே இருந்ததால் பத்து நாளுக்கு ஒருமுறை மருத்துவமனைக்குப் போய் ஊசி மூலம் எடுத்துவந்தேன். ஒவ்வொரு முறையும் பயணம், காத்திருப்பு, குத்து. ஆறாவது முறையோடு சலித்துப்போய், தோலுக்கடியில் சுரங்கம்போல் பதித்து வைக்கும் நிரந்தரக் குழாய்க்குச் சம்மதித்தேன். இப்போது வீட்டில், என் கட்டிலில், நானே வெற்றிடக் குப்பியை இணைத்து நீரை எடுத்துக்கொள்கிறேன். ஒரு நேரத்தில் ஒரு லிட்டருக்கு மேல் எடுப்பதில்லை. இருமலோ நெஞ்சு வலியோ வந்தால் நிறுத்திவிடுவேன்.

2012-ல் வெளியான ஆய்வொன்றைப் பற்றி என் மருத்துவர் சொன்னார். இந்தக் குழாயையும், டால்க் பொடியைச் செலுத்தி நுரையீரலை நெஞ்சுச் சுவரோடு ஒட்டவைக்கும் முறையையும் ஒப்பிட்டார்களாம். மூச்சுத்திணறல் குறைவதில் இரண்டும் சமமாக இருந்தன. குழாய் வைத்தவர்கள் மருத்துவமனையில் தங்கிய நாட்கள் குறைவு. எனக்கு அந்தக் கடைசி வரிதான் வேண்டியிருந்தது.

உங்கள் தந்தை "குத்தாதீர்கள்" என்று சொன்னதற்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரிந்ததுபோல் இருக்கிறது. நான் அதைச் சொன்னபோது ஊசியின் வலியை நினைத்துச் சொல்லவில்லை. இதற்கு முடிவே இல்லையா என்ற அலுப்பில் சொன்னேன். ஒரு குத்து, அதனால் பத்துக் குத்து மிச்சம் என்று விளக்கியதும் மனம் மாறியது. அவருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லவரவில்லை. எந்தக் குத்தைச் சொன்னார் என்று அவரிடமே கேட்கலாம்.


மறுமொழி 4
எழுதியவர்: தணிப்புச் சிகிச்சைச் செவிலியர்

மேலே எழுதியவர்கள் பெரியவற்றைச் சொல்லிவிட்டார்கள். நான் சில்லறை விஷயங்களைச் சொல்கிறேன். வீட்டில் உங்களைத் தூங்கவிடாமல் செய்பவை அவைதான்.

அப்பாவிடம் பேசுவதற்கு, வலி ஓரளவு அடங்கியிருக்கும் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். அரிப்பின் உச்சத்தில் சொன்ன சம்மதமும், பரிசோதனைகளால் அலுத்துப்போன வேளையில் சொன்ன மறுப்பும் இரண்டுமே உண்மைதான். ஆனால் இரண்டுமே அரைகுறை. சிகிச்சை வேண்டுமா என்று கேட்காமல், எது குறைந்தால் அடுத்த மாதம் நன்றாக இருக்கும் என்று கேளுங்கள். விடை அரிப்பு என்றால் ஒரு வழி, வலி என்றால் ஒரு வழி, வீட்டிலேயே இருக்க வேண்டும் என்றால் மற்றொரு வழி. அண்ணனையும் அம்மாவையும் உடன் வைத்துக்கொண்டு கேளுங்கள். பிறகு அவர் சொன்னதை நீங்கள் வந்து சொல்ல, அவர்கள் நம்ப மறுக்கும் நிலை வராது.

பித்தக்குழாய் வைத்தால், பை எப்போதும் அவருடைய இடுப்புக்குக் கீழே இருக்கட்டும். கழுவுவதற்கு ஐந்து முதல் பத்து மில்லிலிட்டர் உப்புநீரை மெல்ல உள்ளே செலுத்தச் சொல்வார்கள். செலுத்திய நீரைச் சிரிஞ்சால் திரும்ப இழுக்கக் கூடாது, குடலில் உள்ள கிருமிகள் பித்தநாளத்துக்கு வந்துவிடும். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், பையில் புது ரத்தம், குழாயைச் சுற்றிக் கசிவு, பையில் திடீரென எதுவுமே வராமல் நின்றுபோதல் ஆகியவற்றில் எது நேர்ந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். குழாய் நழுவி வெளியே வந்துவிட்டால் அன்றைக்கே போய்விடுங்கள். துளை விரைவில் மூடிக்கொள்ளும், மூடிக்கொண்டால் மறுபடி முதலிலிருந்து குத்த வேண்டியிருக்கும். தோலோடு குழாய் சேரும் இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டு வையுங்கள். நழுவுகிறதா என்பதை அந்தக் கோடு காட்டிக்கொடுக்கும்.

நரம்பு ஊசிக்குப் பிறகு நான் அஞ்சுவது வேறொன்றை. வலி சட்டென்று குறைந்ததும், அதுவரை தாங்கிவந்த மார்பின் அளவே அவருக்கு மிகுதியாகிவிடக்கூடும். அதிக உறக்கமும் மூச்சு மந்தமாவதும் அதன் அறிகுறிகள். அதற்காக ஒரேயடியாக நிறுத்தினால் உடல் நடுங்கும், வியர்க்கும், வயிற்றைப் புரட்டும். மருத்துவர் சொல்லும் கணக்கில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். முதல் இரண்டு நாள் அவரைத் தனியாக எழுந்து நடக்கவிடாதீர்கள்.

துன்பத்தைக் குறைப்பதற்கான தணிப்புச் சிகிச்சை என்றாலே கைவிட்டுவிட்டார்கள் என்று பொருள்கொள்வோருக்காக ஒரு தகவல். பரவிவிட்ட நுரையீரல் புற்றுநோயாளிகளை வைத்து அமெரிக்காவில் நடந்து 2010-ல் வெளியான ஆய்வில், தொடக்கத்திலிருந்தே தணிப்புச் சிகிச்சையும் பெற்றவர்களின் இடைநிலை வாழ்நாள் (பாதிப் பேர் உயிரோடிருந்த காலம்) 11.6 மாதம், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு 8.9 மாதம். மனச்சோர்வும் முன்னவர்களுக்குக் குறைவாக இருந்தது.


மறுமொழி 5
எழுதியவர்: மற்றொரு வாசகர்

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். என் மாமாவுக்குப் புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவி ஒரு முள்ளெலும்பு நசுங்கிவிட்டது. எலும்புக்குள் சிமெண்ட் செலுத்தலாம் என்கிறார்கள். கதிர்வீச்சே போதாதா? மருத்துவர் ஐயா ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.


மறுமொழி 6
எழுதியவர்: இடையீட்டுக் கதிரியல் மருத்துவர்

இரண்டும் வேறு வேறு வேலை செய்கின்றன. எலும்பு வலிக்கு 8 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவில் ஒரே தவணைக் கதிர்வீச்சு நல்ல சிகிச்சை. ஆனால் பயன் முழுமையாகத் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், நசுங்கிய எலும்புக்கு அது முட்டுக்கொடுக்காது. சிமெண்ட் சில நிமிடங்களில் இறுகி எலும்பைத் தாங்கும். அசையும்போது வரும் வலி ஓரிரு நாட்களிலேயே குறையும். பிரான்ஸின் அமியான் நகரில் காலிபெர், டெராமோன் என்னும் மருத்துவர்கள் 1984-ல் தொடங்கிய முறை இது. சிமெண்ட் கட்டியைக் கொல்வதில்லை என்பதால் பலருக்கு இரண்டையும் அடுத்தடுத்துச் செய்கிறோம். சில இடங்களில் ஊசிமுனையின் வெப்பத்தாலோ உறைகுளிராலோ கட்டியை அழித்துவிட்டுச் சிமெண்ட் நிரப்புகிறோம். கால்களில் வலுக்குறைவோ சிறுநீர் கழிப்பதில் சிரமமோ இருந்தால் தண்டுவடம் நெருக்கப்படுகிறது என்று பொருள். அப்போது இந்தக் கேள்விக்கே நேரமில்லை. இன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி கேட்ட அம்மாவுக்கு ஒன்று விட்டுப்போயிற்று. முன்சிறுகுடல் மேலும் நெருங்கி வாந்தி தொடங்கினால், அங்கேயும் ஸ்டென்ட் வைக்க இயலும். அது வேண்டியிருக்குமா என்பதைப் பித்தநாள ஸ்டென்ட்டின் இடத்தை முடிவு செய்வதற்கு முன்பே உங்கள் மருத்துவர்கள் கலந்து பேசிக்கொள்வது நல்லது.


மறுமொழி 7
எழுதியவர்: கேள்வி கேட்ட மகள்

எல்லோருக்கும் நன்றி. செவிலியர் அம்மா சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை மாலை நாங்கள் மூவரும் உட்கார்ந்து அப்பாவிடம் கேட்டோம். அவர் நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு, "வலியை நான் பொறுத்துக்கொள்வேன், இந்த அரிப்பு என்னை மனிதனாக இருக்கவிடவில்லை" என்றார். எந்தக் குத்தை வேண்டாம் என்றீர்கள் என்று கேட்டேன். தினமும் ரத்தம் எடுப்பதைத்தான் சொன்னாராம். நாங்கள் வாரக்கணக்கில் எதை எதையோ நினைத்து விவாதித்துக்கொண்டிருந்தோம்.

மறுநாள் மருத்துவரிடம் உங்கள் கேள்விகளையெல்லாம் தாளில் எழுதி எடுத்துச் சென்றேன். பித்தக்குழாய்கள் நன்றாக விரிந்திருக்கின்றன, கல்லீரலில் கட்டிகள் சிறியவை, உலோக ஸ்டென்ட்டுக்கு வாய்ப்புண்டு என்று படத்தைத் திரையில் காட்டி விளக்கினார். இந்த முறை நாற்பது நிமிடம் ஒதுக்கினார். நரம்பு ஊசியை இப்போது செய்யாமல், ரத்தம் உறையும் தன்மை சீரான பிறகு, அப்பா விரும்பினால் செய்யலாம் என்று முடிவாயிற்று. தேவையற்ற ரத்தப் பரிசோதனைகளை நிறுத்தவும் ஒப்புக்கொண்டார்.

ஒரே ஒரு ஐயம். ஸ்டென்ட் வைத்த பிறகும் சில நாள் வெளியே ஒரு குழாய் இருக்கும் என்கிறார்கள். அது எதற்கு?


மறுமொழி 8
எழுதியவர்: இடையீட்டுக் கதிரியல் மருத்துவர்

காவலுக்கு. ஸ்டென்ட் முழுவதும் விரிவதற்குள் ரத்தக்கட்டியோ கசடோ அடைத்துக்கொண்டால் மறுபடி குத்தாமல் உள்ளே செல்ல ஒரு வழி வேண்டும். பித்தநீர் தெளிந்ததும் குழாயின் வாயை மூடிவிட்டு ஓரிரு நாள் பார்ப்பார்கள். காய்ச்சல், வலி, கசிவு எதுவும் இல்லையென்றால் சாயம் செலுத்திப் பார்த்துவிட்டு எடுத்துவிடுவார்கள்.


மறுமொழி 9
எழுதியவர்: கேள்வி கேட்ட மகள்

பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். சென்ற வாரம் குழாயும் இரண்டு நாள் கழித்து ஸ்டென்ட்டும் வைத்தார்கள். முதல் நாள் இரவு நடுக்கத்தோடு காய்ச்சல் வந்து எங்களைக் கலங்கடித்தது. கிருமிக்கொல்லி மருந்தில் அடங்கியது. நான்காம் இரவு அப்பா ஐந்து மணி நேரம் தொடர்ந்து உறங்கினார். பிலிரூபின் 17-லிருந்து 10-க்கு வந்திருக்கிறது. கண்கள் இன்னும் மஞ்சளாகத்தான் இருக்கின்றன. அம்மா அதைப் பார்த்துக் கவலைப்படுகிறார், நான் மருத்துவர் ஐயா எழுதியதைப் படித்துக் காட்டினேன்.

முதுகு வலி அப்படியேதான் இருக்கிறது. நரம்பு ஊசியைப் பற்றி நாங்கள் பேச்செடுக்கவில்லை. நேற்று அவரே, அது எத்தனை நிமிடம் ஆகும், குப்புறப் படுக்க வேண்டுமா என்று கேட்டார். ஒருக்களித்தும் செய்யலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். வியாழக்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கிறோம். அதற்குள் மனம் மாறினால் விட்டுவிடுவது என்றும் பேசிக்கொண்டோம்.

நேற்று மாலை குழாயின் வாயை மூடினார்கள். இன்று காலை வரை காய்ச்சல் இல்லை.